போயிட்டு வாரேன் என்று சொன்ன பூச்சி

பூச்சியும் புல்லும் மனுஷரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கரையிலிருந்து கிழக்கே ஒரு பகல் முழுக்கப் பாய் விரித்து ஓடினால் போய்ச் சேரும் தூரத்தில் ஒரு தீவு இருந்தது. இப்போதும் இருக்கிறது, எங்கே போகப்போகிறது? கடலில் நின்று பார்த்தால் மல்லாந்து படுத்துத் தூங்குகிறவனின் மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி இருக்கும். அதனால் மூக்கன் திட்டு என்று பெயர்.

அந்தத் திட்டில் ஒரு அந்துப்பூச்சி உண்டு. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். சாம்பல் நிறம், இறக்கை ஓரத்தில் மட்டும் சுண்ணாம்பைத் தொட்டு இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. பொழுது சாய்கிற நேரத்தில் கூட்டமாகக் கிளம்பித் தண்ணீரோரம் வரை போகும். அலைநுரையைத் தொடும். தொட்டதும் சட்டென்று திரும்பிவிடும். ஏன் அங்கே மட்டும் இருக்கிறது, ஏன் இத்தனை பொடிசு, நுரை வரைக்கும் போய்விட்டு ஏன் திரும்புகிறது? மூன்றுக்கும் கதை ஒன்றுதான். நம்பிக்கை இல்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். என்ன சொல்லிவிட்டுப் போகிறீர்கள் என்பதை மட்டும் நான் காது கொடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் காலத்தில் இந்தப் பூச்சிகள் பொடிசாக இல்லை. இறக்கையை விரித்தால் மூன்று விரல் அகலம் வரும். அவற்றில் ஒருத்திக்குத் துருவி என்று பெயர். பிறந்தபோது வைத்த பெயர் என்னவோ, யாருக்கும் ஞாபகமில்லை. எதையும் துருவித் துருவிக் கேட்பாள், அதனால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. நண்டிடம் போய், ஏன் பக்கவாட்டில் நடக்கிறாய் என்று கேட்டாள். நேராக நடந்தால் உன்னை மாதிரி ஆட்களை எதிரில் பார்க்க வேண்டியிருக்கிறது என்று நண்டு சொல்லிவிட்டுப் பொந்துக்குள் போய்விட்டது. முட்டையிட வந்த ஆமையிடம் ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். ஆமை பாவம், முட்டையிடுவதா பதில் சொல்வதா என்று தெரியாமல் விழித்தது. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவும் மாட்டாள், அடுத்த கேள்விக்குப் பறந்துவிடுவாள். ஆனால் கெட்ட மனசில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்க அவளால் முடியாது, அவ்வளவுதான்.

திட்டு முழுக்க அப்போது ஒரு குத்துச்செடி வளர்ந்திருந்தது. இடுப்பு உயரம்தான் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பூதான் பூக்கும், அதனால் ஒற்றைப்பூச் செடி. வெள்ளைப் பூ, நீளமான ஒல்லிக் குழல், அதன் அடியில் ஒரு சொட்டுத் தேன். அந்த ஆழத்துக்கு வண்டின் நாக்கு எட்டாது, தேனீயின் நாக்கும் எட்டாது. இந்தப் பூச்சிகள்தான் சுருட்டி வைத்த நாக்கை நீட்டி அடிவரை விடும். நாக்கில் ஒட்டிய மஞ்சள் தூள் அடியில் போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பூ காய்க்கும், காய்த்தால்தான் விதை. சாயங்காலம் விரிகிற பூ விடிவதற்குள் உதிர்ந்துவிடும். பூச்சி வராத பூ சும்மாதான் உதிரும்.

மூன்று வருஷம் மழை பொய்த்தது. முதல் வருஷம் புல் கருகியது. இரண்டாம் வருஷம் ஊற்று வற்றியது. மூன்றாம் வருஷம் முடியும்போது ஒற்றைப்பூச் செடிகளில் மிச்சம் நின்றது ஒன்றே ஒன்று. ஒத்தப்பூ அக்கா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். பதினெட்டு இலையும் ஒரு மொட்டுமாக நின்றாள். அதிகம் பேசமாட்டாள். துருவியின் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொன்ன ஒரே ஆள் அவள்தான். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வாள், அதுவே துருவிக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வருஷத்துக்கொரு முறை கரையிலிருந்து சங்கு குளிக்கிறவர்கள் வந்து திட்டில் குடிசை போட்டுத் தங்குவார்கள். அவர்களில் வள்ளத்துக்குச் சொந்தக்காரன் சடைமுனி. துருவி பாதி நேரம் அவர்கள் குடிசைக் கூரையில்தான் கிடப்பாள். மனுஷர் பேச்சு என்றால் அவளுக்கு அத்தனை ஆசை. அங்கேதான் அந்த விசித்திரத்தைக் கவனித்தாள். நண்டானாலும் ஆமையானாலும் கிளம்பும்போது "போறேன்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகும். இந்த மனுஷர்களோ தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு பத்து அடி நடக்க வேண்டியிருந்தாலும் "போயிட்டு வாரேன்" என்கிறார்கள்.

ஏன் இத்தனை நீளமாகச் சொல்கிறார்கள்? அதைத்தான் அவள் கேட்டிருக்க வேண்டும். எதையெதையோ கேட்டவள் இதைக் கேட்கவில்லை. தானே யோசித்து, தானே முடிவு கட்டிக்கொண்டாள். நீளமாகச் சொன்னால் மரியாதை போலிருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். நாமும் ஒருநாள் யாரிடமாவது இப்படிச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டாள்.

பூச்சிகள் கூடிப் பேசின. பெரியசெட்டையார் என்று ஒரு மூத்த பூச்சி, இறக்கை அகலத்தால் வந்த பெயர். இனி இங்கே இருந்தால் வம்சமே அற்றுப்போகும், சடைமுனியின் வள்ளம் நாளை காலை கரைக்குக் கிளம்புகிறது, சங்கு மூட்டைகளின் மடிப்பில் ஒளிந்து எல்லோரும் போய்விடுவோம், கரையில் தோட்டமும் துரவுமாக இருக்கிறதாம் என்று அவர் சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை. துருவி மற்றவர்களைவிட ஒரு படி மேலே துடித்தாள். அவள் வயிற்றில் நாற்பது முட்டைகள் இருந்தன. இந்தக் கருகிய மண்ணில் இட்டால் புழுக்கள் கண் விழித்த அன்றே பட்டினியில் செத்துவிடும். பச்சை இலையில் அவை கண் விழிக்க வேண்டும், அதைத்தான் அவள் ராப்பகலாக நினைத்துக்கொண்டிருந்தாள். தவிர, கரையைப் பார்க்க வேண்டும். கரையில் கேட்பதற்கு எத்தனை கேள்விகள் இருக்கும்!

மறுநாள் காலையில் பூச்சிகள் வரிசையாக வந்து ஒத்தப்பூ அக்காவிடம் சொல்லிக்கொண்டன. "போறோம்" என்றன. ஒவ்வொன்றுக்கும் அவள் "சரி" என்றாள். வேறென்ன சொல்வாள்? இனி நாக்கு நீட்ட யாரும் வரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்த மொட்டை விரிக்காமலேயே உதிர்த்துவிட்டு, இலையையும் உதிர்த்துவிட்டு, வேரோடு அடங்கிவிடலாம் என்று முடிவு செய்திருந்தாள்.

கடைசியாகத் துருவி வந்தாள். அங்கே வள்ளத்தில் பாய் ஏறிக்கொண்டிருந்தது, அவசரம். அக்காவுக்கு மரியாதையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீளமான அந்த வார்த்தை நினைவுக்கு வந்தது.

"அக்கா, போயிட்டு வாரேன்."

ஒத்தப்பூ அக்கா "சரி" என்று சொல்லவில்லை. 

"வருவியா?" என்று கேட்டாள்.

இதுவும் அந்த மரியாதையின் பாகம்தான் போலிருக்கிறது என்று துருவி நினைத்தாள். "ம்" என்றாள்.

"அப்போ மொட்டை உதிர்க்கல" என்றாள் அக்கா.

துருவி அதைக் காதில் வாங்கிக்கொண்டாள், மனசில் வாங்கவில்லை. பறந்துபோய்ச் சங்கு மூட்டை மடிப்பில் உட்கார்ந்துகொண்டாள். கொண்டல் காற்று பின்னாலிருந்து தள்ள, வள்ளம் மேற்கே ஓடியது.

உச்சிப்பொழுது வரை அவளால் மடிப்புக்குள் இருக்க முடிந்தது. அதுவே அதிசயம். அதற்குப் பிறகு வெளியே வந்து, சுக்கான் பிடித்துக்கொண்டிருந்த சடைமுனியின் தோளில் உட்கார்ந்தாள். கடல் ஏன் நீலம், பாய் ஏன் புடைக்கிறது, உன் மீசை ஏன் ஒரு பக்கம் மட்டும் நரைத்திருக்கிறது என்று ஆரம்பித்தாள். சடைமுனி நல்ல மனுஷன். ஒரு கையில் கருவாட்டைக் கடித்துக்கொண்டு தெரிந்தவரை பதில் சொன்னான். மீசையைப் பற்றி மட்டும் வேண்டாம் என்றான். அப்போதுதான் அவள், உங்கள் நீளமான வார்த்தையை நானும் இன்றைக்குச் சொன்னேனே என்று பெருமையாகச் சொன்னாள்.

எந்த வார்த்தை என்று கேட்டான்.

"போயிட்டு வாரேன்."

சடைமுனி சிரித்தான். யாரிடம் சொன்னாய் என்று கேட்டான். ஒத்தப்பூ அக்காவிடம் என்றாள். அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"நீ திரும்பிப் போகப்போறியா, புள்ள?"

இல்லையே, நான் எதற்குப் போகிறேன், மரியாதைக்குத்தானே சொன்னேன் என்றாள் துருவி. பிறகு முதல்முறையாகக் கேட்க வேண்டியதைக் கேட்டாள். நீங்கள் ஏன் "போறேன்" என்று சொல்வதில்லை?

சொல்லக்கூடாது என்றான் சடைமுனி. கடலுக்குப் போகிற வீட்டில் அந்த வார்த்தையை வாயில் எடுக்கவே மாட்டார்களாம். போகிறேன் என்றால் போனதோடு சரி. போயிட்டு வாரேன் என்றால் வருவேன் என்று சொல்லிவைத்துவிட்டுப் போவது. அதைக் கேட்டவர்கள் இருந்து எதிர்பார்ப்பார்கள்.

"எத்தனை நாள் எதிர்பார்ப்பாங்க?"

சடைமுனி கருவாட்டைக் கீழே வைத்தான். அவன் அப்பன் ஒருநாள் காலையில் போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனானாம். அப்போது சடைமுனிக்கு மீசைகூட முளைக்கவில்லை. "எங்க ஆத்தா இன்னைக்கு வரைக்கும் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடுறதில்ல. களவு போயிரும் ஆத்தான்னு சொல்லிப் பார்த்தேன். வந்தா தட்டிட்டா நிக்கணும்னு கேக்குது."

  மொட்டை உதிர்க்கல என்று அக்கா சொன்னது இப்போதுதான் துருவியின் மனசுக்குள் போய் உட்கார்ந்தது. பதினெட்டு இலையை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், நான் வருவேன் என்று அவள் அந்தப் பூவை விரிப்பாள். நான் கரையில் எங்கேயோ முருங்கைப்பூவில் உட்கார்ந்திருப்பேன். சே, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

பெரியசெட்டையாரிடம் போய்ச் சொன்னாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வயிற்றில் நாற்பதை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது என்றார். ஒரு செடிக்காகப் பிள்ளைகளைப் பட்டினி போடுவாயா என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, துருவிக்கும் அது தெரியும். சடைமுனிகூட, நீ பூச்சி, தெரியாமல் சொன்னது, விட்டுவிடு என்றான். ஆனால் அவன் அதைக் கிழக்கே பார்த்துக்கொண்டு சொன்னான், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"தெரியாமச் சொன்னேன். கேட்டவ தெரிஞ்சுதானே கேட்டா" என்றாள் துருவி. வள்ளத்தின் விளிம்பிலிருந்து எழும்பி, காற்றுக்கு எதிரே பறந்தாள்.

கொண்டலுக்கு எதிராகப் பறப்பதென்றால் சும்மாவா? பத்து முழம் முன்னால் போனால் எட்டு முழம் பின்னால் தள்ளியது. அலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் காற்று கொஞ்சம் தணிந்திருப்பதைக் கண்டுபிடித்தாள். அந்த உயரத்திலேயே ஒட்டிப் பறந்தாள். அங்கே பறந்தால் திவலை தெறிக்கும். உப்புத்தண்ணீர் பட்டுப் பட்டு இறக்கையின் ஓரத்து நிறம் வெளுத்தது. முடியாதபோது மிதந்து வந்த ஒரு பனங்கொட்டையில் உட்கார்ந்துகொண்டாள். நீ எங்கேயிருந்து வருகிறாய் என்று அதையும் கேட்டாள். பழக்கம் விடுமா? கொட்டை பதில் சொல்லவில்லை. வள்ளம் அரைப் பகலில் ஓடிய தூரம் அவளுக்கு மூன்று நாளாயிற்று.

திட்டில் ஒத்தப்பூ அக்கா முதல் நாள் சாயங்காலமே பூவை விரித்துவிட்டாள். விடிவதற்குள் உதிர வேண்டிய பூ. உதிர வருகிற பூவைப் பிடித்து நிறுத்துவது தும்மலை அடக்குவது மாதிரி, ஒரு கணம் முடியும், அதற்கு மேல் உடம்பு கேட்காது. அவள் மூன்று நாள் பிடித்தாள். பூவுக்கு ஈரம் வேண்டுமே, இலைகளில் இருந்த ஈரத்தை எடுத்து எடுத்துப் பூவுக்குக் கொடுத்தாள். ஈரம் இழந்த இலை ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது.

மூன்றாம் நாள் பொழுது சாயும்போது துருவி மணலில் வந்து விழுந்தாள். அங்கேயிருந்து செடி வரைக்கும் பறக்க முடியவில்லை, நடந்தே போனாள். இலைகள் கீழே கிடப்பதைப் பார்த்தாள். மேலே ஏழு மிச்சம் இருந்தது. அதற்கு மேலே பூ, ஓரமெல்லாம் பழுத்து, ஆனால் விரிந்தபடி.

"வந்துட்டியா?" என்றாள் ஒத்தப்பூ அக்கா. பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தவளைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

துருவிக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா, நான் அர்த்தம் தெரியாமச் சொல்லிட்டேன்."

"எனக்கும் தெரியும். தெரிஞ்சிருந்தா அப்படி அவசரமாச் சொல்லியிருக்கமாட்டே."

"பின்னே ஏன் காத்திருந்தே?"



"வேற யாரும் அதைச் சொல்லலியே."

 துருவி தண்டைப் பற்றி ஏறினாள், பூவுக்குள் தலையை விட்டாள், நாக்கை அடிவரை நீட்டினாள். தேன் மூன்று நாளில் சுண்டி, பாகு மாதிரி இருந்தது. அவள் வெளியே வந்த பிறகுதான் அக்கா பூவை விட்டாள். பூ விழுந்தது. பூ இருந்த இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு பிஞ்சு தெரிந்தது.

அதன் பிறகு முட்டையைப் பற்றிப் பேச்சு வந்தது. துருவி கேட்கவே கூச்சப்பட்டாள். அக்காதான் கேட்டாள், எத்தனை என்று. நாற்பது என்றாள். "ஏழு இலைதான் இருக்கு. சண்டை போடாமப் பங்கு வச்சுக்கச் சொல்லு" என்றாள் அக்கா. இலையெல்லாம் போய்விட்டால் உனக்கு என்ன ஆகும் என்று துருவி பதறினாள். பிஞ்சு நின்றுவிட்டது, வேர் இருக்கிறது, இனி இலை எதற்கு என்று அக்கா சொல்லிவிட்டாள். ஏழு இலையின் அடியிலும் துருவி முட்டைகளை ஒட்டிவைத்தாள்.

அந்துப்பூச்சிக்கு ஆயுசு எத்தனை நாள்? அதிலும் அவள் இறக்கையெல்லாம் கிழிந்து கிடந்தாள். நான்காம் நாள் சாயங்காலம் தண்டின் அடியில் சுருண்டுகொண்டாள். கடைசியாகக் கேட்பதற்கு ஒரு கேள்வி இருந்தது, எங்கே போகப்போகிறோம் என்று. அக்காவுக்கும் அது தெரியாது, அதனால் கேட்கவில்லை.

"அக்கா, நான் போறே..." என்று ஆரம்பித்தாள். நிறுத்திக்கொண்டாள்.

"போயிட்டு வாரேன்" என்றாள்.

"வா" என்றாள் ஒத்தப்பூ அக்கா.

முட்டை பொரிந்து நாற்பது புழுக்கள் வந்தன. ஏழு இலையை நாற்பது பேர் தின்றால் எத்தனை வளர முடியும்? கால் வயிற்றுக்குத் தின்று, கால் அளவுக்கு வளர்ந்து, மொட்டைச் செடியில் கூடு கட்டிக்கொண்டன. ஆனால் நாற்பதில் ஒன்றுகூடச் சாகவில்லை. அந்த ஐப்பசியில் மழை பெய்தது. மூன்று வருஷத்துக்கும் சேர்த்துப் பெய்தது. காய் வெடித்து விதை மணலெங்கும் சிதறியது. மொட்டையாக நின்ற அக்காவின் அடிக்கட்டையிலும் ஒரு பச்சை முளை எட்டிப் பார்த்தது. முதல் கூடு கிழிந்து, அதற்குள்ளிருந்து சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவில் ஒரு சாம்பல் பூச்சி வெளியே வந்தது. இறக்கை ஓரத்தில் வெள்ளைக் கோடு. வந்ததும் வராததுமாகச் செடியைப் பார்த்து, நீ ஏன் பச்சையாக இருக்கிறாய் என்று கேட்டது.

"வந்துட்டியா?" என்றாள் ஒத்தப்பூ அக்கா.

கரைக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நன்றாகத்தான் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு அரிசிப் பானையிலும் பட்டுப்புடவை மடிப்பிலும் உட்கார்ந்திருப்பது அவர்களுடைய வம்சம்தான். போறோம் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள், அதனால் எங்கே வேண்டுமானாலும் போவார்கள். சடைமுனி அடுத்த வருஷம் திட்டுக்கு வந்து அந்தப் பொடிப் பூச்சிகளைப் பார்த்தான். ஊருக்குப் போய் ஆத்தாவிடம் கதை முழுவதும் சொன்னான். தாழ்ப்பாளைப் பற்றி அதன் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை.

துருவியின் பிள்ளைகளுக்கும் கரையைப் பார்க்கிற ஆசை ரத்தத்தில் இருக்கிறது. அதனால்தான் பொழுது சாய்ந்தால் கிளம்பிவிடுகின்றன, அலைக்கு ஒரு சாண் உயரத்தில் பறந்து நுரையைத் தொடுகின்றன. ஆனால் கிளம்பும்போது ஒவ்வொன்றும் செடியிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிறதே, பிறகு எப்படித் திரும்பாமல் இருக்கும்? அவள் தெரியாமல் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் தொடங்கியதுதான் இத்தனையும். இன்று வரைக்கும் அந்தப் பூச்சி மூக்கன் திட்டைத் தாண்டியதில்லை, ஒற்றைப்பூச் செடியின் பூவும் பூச்சி வந்து தொடும்வரை உதிர்வதில்லை.